டிகிரியில் கம்பெனிக்காரர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகிறார். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரி. மாவட்டத்தைத் தாண்டினால் பெயர் தெரியாது. சிஜிபிஏ 7.1. முதல் வருடம் கணக்கிலும் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸிலும் அரியர் விழுந்து, அடுத்த செமஸ்டரிலேயே இரண்டையும் எழுதித் தேறிவிட்டார். அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவர் கேள்வி இதுதான்: "வேலை கொடுக்கிறவர்கள் டிகிரியில் எதைத்தான் மதிக்கிறார்கள்? காலேஜ் பெயரா, மார்க்கா, டிபார்ட்மென்டா? மூன்றுமே என்னிடம் சுமார்தான். ஃபைனல் இயர் ப்ராஜெக்டை நாலு பேர் காசு போட்டு ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிவிடலாம், ரெஸ்யூமில் எடுப்பாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

தம்பி, நானும் மெக்கானிக்கல் படித்தவன். படித்து முடித்ததும் சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் ஆறு வருடம் இருந்தேன். பிறகு ஊர்ப்பக்கம் திரும்பி, கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும், படித்து முடித்துப் புதிதாக வருகிறவர்களை எடுக்கும் டெக்னிக்கல் பேனலில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மார்க்கும் கல்லூரிப் பெயரும் உங்களை இன்டர்வியூ அறை வரைக்கும் கொண்டுவரும். அதற்குப் பிறகு நாங்கள் தேடுவது, இந்த நாலு வருடத்தில் நீங்களே கை வைத்து, தப்பு பண்ணி, திருத்தி, கடைசி வரைக்கும் கொண்டுபோய் முடித்த ஒரு வேலை. ஒன்றே ஒன்று இருந்தால் போதும். அது இருக்கிறவர் பேசும் விதமே வேறு. ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது வாசலிலிருந்து வருவோம்.

பெரிய ஐடி கம்பெனிகள் எல்லாம் பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் அல்லது 6 சிஜிபிஏ கேட்கும். சில கம்பெனிகள் 65, 70 என்று ஏற்றும். ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் தேறாத பாடம், இருக்கக் கூடாது, அல்லது ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள். படிப்புக்கு நடுவில் இடைவெளி இரண்டு வருடத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். இதையெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நீங்கள் ஆன்லைனில் நிரப்பும் படிவத்திலேயே கணினி கழித்துவிடும். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், அதற்காகப் போட்ட கோடு இது. கோட்டுக்குக் கீழே இருக்கிறவர் திறமையில்லாதவர் என்று யாரும் உட்கார்ந்து தீர்மானித்ததல்ல.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி என்னவென்றால், 7.1 அந்தக் கோட்டை நல்லபடியாகவே தாண்டிவிட்டது. தாண்டிய பிறகு 7.1-க்கும் 8.2-க்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் பேனலில் யாரும் தூக்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை. 9-க்கு மேல் இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்போம், அவ்வளவுதான். தேறிவிட்ட அரியரைப் பற்றியும் ரொம்பக் கவலைப்படாதீர்கள். டிஸ்டிங்ஷன் கிடைக்காது, ஹிஸ்டரி ஆஃப் அரியர், அதாவது முன்பு விழுந்து தேறிய அரியர்கூடக் கூடாது என்று சொல்லும் சில கம்பெனிகள் கைவிட்டுப் போகும். மற்ற இடத்தில், "ஏன் அரியர் விழுந்தது?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஒருமுறை ஒரு பையன், "தமிழ் மீடியத்துல இருந்து வந்தேன் சார், முதல் செமஸ்டர்ல கேள்வியே புரியல, ரெண்டாவது செமஸ்டர்ல புரிஞ்சுது" என்றான். அதற்கு மேல் கேட்க எங்களுக்கு எதுவும் இருக்கவில்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் அவன் சொன்னதுதான் அதிலும் இருந்தது. செமஸ்டருக்குச் செமஸ்டர் ஏறிக்கொண்டே போயிருந்தது. ஏறும் வரிசை எங்களுக்குப் பிடிக்கும். முதல் வருடம் 9 வாங்கிக் கடைசி வருடம் 6-க்கு இறங்கியவரிடம்தான் அதிக நேரம் கேள்வி கேட்போம்.

மார்க்கை ஏன் முழுசாக நம்புவதில்லை என்று கேட்கலாம். இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பழைய விளக்கம் உண்டு. மைக்கேல் ஸ்பென்ஸ் என்பவர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் அவரும் ஒருவர். அவர் சொன்னது சுலபமானது. ஆளை எடுப்பவருக்கு எதிரில் நிற்பவரின் திறமை கண்ணுக்குத் தெரியாது. அதனால் தெரிகிற ஓர் அடையாளத்தைத் தேடுகிறார். டிகிரி அப்படி ஓர் அடையாளம். திறமை உள்ளவருக்கு அதை வாங்குவது சுலபம், இல்லாதவருக்குக் கஷ்டம் என்கிற வரைக்கும்தான் அந்த அடையாளத்துக்கு மதிப்பு. எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்க ஆரம்பித்தால் அது எதையும் சொல்லாது.

தமிழ்நாட்டில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டும் நானூறுக்கு மேல் கல்லூரிகள். அதில் தன்னாட்சி வாங்கிய கல்லூரிகள் சொந்தமாகக் கேள்வித்தாள் போட்டு, சொந்தமாகத் திருத்துகின்றன. ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் 8.5-ம், பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் இணைப்புக் கல்லூரியின் 7.1-ம் ஒரே தராசில் நிற்காது என்பது ஆள் எடுக்கிற எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கம் கனம் என்று மார்க் ஷீட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதனால்தான் கம்பெனிகள் தாங்களே தேர்வு வைக்கின்றன. டிசிஎஸ் நடத்தும் என்க்யூடி என்ற தேர்வு அப்படி வந்ததுதான். உங்கள் கல்லூரியின் மார்க் அவர்களுக்கு வாசல் சீட்டு. உங்கள் சம்பளம் என்ன என்பதை அவர்கள் வைத்த தேர்வில் நீங்கள் எடுத்த மார்க்கும் இன்டர்வியூவும்தான் முடிவு செய்கின்றன.

கல்லூரிப் பெயருக்கு வருகிறேன். இதில் பூசி மெழுகக் கூடாது. கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அங்கே படித்தவர் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கோவையில் பிஎஸ்ஜி, சிஐடி, மதுரையில் தியாகராஜர், இவையும் அப்படித்தான். ஆனால் பெயரால் உண்மையில் ஆகும் காரியம் என்ன? கம்பெனி உங்கள் கல்லூரி வாசலுக்கு வரும். அதுதான் பெரிய ஆதாயம். பேனலில் எதிரே உட்கார்ந்த பிறகு, கேள்விக்குப் பதில் தெரியாதவரைக் கல்லூரிப் பெயர் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. உங்கள் கல்லூரிக்கு வராத கம்பெனிக்கு நீங்களாகப் போக வேண்டும் என்பதுதான் உங்களுக்குள்ள கூடுதல் சுமை. பல கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் பூல் டிரைவ், ஆஃப் கேம்பஸ், 2022 மார்ச்சில் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாக வரும் வாய்ப்புகள், தெரிந்தவர் மூலம் ரெஃபரல் எல்லாம் அதற்குத்தான். சுமை கூடுதல்தான், நியாயமும் இல்லைதான். ஆனால் தாண்ட முடியாத சுவர் இல்லை.

டிபார்ட்மென்ட் விஷயம் நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐடி கம்பெனிகள் சிவில், மெக்கானிக்கல், இசிஇ என்று பார்க்காமல் எடுத்துப் பல வருடமாகிறது. என்னோடு சேர்ந்த பேட்சில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் படித்தவர்களே இல்லை. மூன்று மாதம், நாலு மாதம் பயிற்சி கொடுத்து வேலைக்கு அனுப்புவார்கள். இன்ஃபோசிஸ் மைசூரில் ஒரு ஊர் அளவுக்குப் பயிற்சி வளாகம் கட்டியது இதற்காகத்தான். அவர்களுக்கு உங்கள் டிகிரி, "இவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வார்" என்பதற்கான சான்று. நீங்கள் தெர்மோடைனமிக்ஸ் படித்தீர்களா, ஃபார்மகாலஜி படித்தீர்களா என்பது அவர்களுக்கு ஒன்றுதான். இந்த எண்ணத்தைக் கடைசி வரைக்கும் கொண்டுபோனவர்களும் உண்டு. ஸோஹோ பல வருடமாகப் பள்ளிப் படிப்போ டிப்ளமாவோ முடித்தவர்களை எடுத்து, தானே பள்ளி நடத்தி, வேலையும் கொடுக்கிறது. அங்கே டிகிரியே கேட்பதில்லை. இங்கிலாந்தில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் 2015-ல் புதியவர்களை எடுக்கும்போது டிகிரியில் என்ன வகுப்பு என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, சொந்தத் தேர்வை நம்பத் தொடங்கியது.

படித்த துறையிலேயே வேலை தரும் எங்களைப் போன்ற கோர் கம்பெனிகளில் அப்படி இல்லை. எங்களுக்கு டிபார்ட்மென்ட் முக்கியம். நாலு மாதம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. சேர்ந்த வாரமே டிராயிங் கையில் வரும். அதனால் பாடம் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். எப்படிப் பார்ப்போம் என்பதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் மேசையில் ஒரு சிறிய ஷாஃப்ட் துண்டு வைத்திருப்போம். பக்கத்தில் அதன் டிராயிங். விட்டம் 25 ஹெச்7 என்று போட்டிருக்கும்: 25 மில்லிமீட்டர், அதில் எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பதற்கான குறி சின்ன ஹெச்சும் ஏழும். ஒரு வெர்னியர் காலிப்பர். "இது ஓகேவா, ரிஜெக்டா, பார்த்துச் சொல்லுங்க" என்போம். அவ்வளவுதான் கேள்வி.

வருகிறவர்களில் பாதிப் பேர் வெர்னியரைப் பிடிக்கும்போதே தெரிந்துவிடும், லேபில் ஒருவர் அளக்க மற்ற ஆறு பேர் ரெக்கார்டில் எழுதிய கூட்டத்தில் இவர் இருந்தார் என்று. மீதிப் பேர் ஒழுங்காக அளந்து, "24.98 சார், ஓகே" என்பார்கள். சிலருக்கு அந்த சின்ன ஹெச்சும் ஏழும் என்ன என்பதும் நினைவிருக்கும்: மேலே 25.000, கீழே 24.979, அதாவது 21 மைக்ரான் இடம். இவ்வளவு தெரிந்தவரே குறைவு. ஆனால் நாங்கள் எதிர்பார்ப்பது அதற்கும் அடுத்த படி.

இரண்டு வருடம் முன்னால் ஒரு பெண் வந்தார். ஈரோடு பக்கம் ஒரு சின்னக் கல்லூரி, சிஜிபிஏ 6.8. அளந்தார். இன்னொரு இடத்தில் அளந்தார். டிராயிங்கைப் பார்த்தார். காலிப்பரைக் கீழே வைத்துவிட்டு, "சார், இதுல சொல்ல முடியாது. இதோட லீஸ்ட் கவுன்ட்டே 0.02. டாலரன்ஸும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கு. மைக்ரோமீட்டர் இருந்தா குடுங்க" என்றார். லீஸ்ட் கவுன்ட் என்பது கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, டாலரன்ஸ் என்பது அளவு விலக அனுமதித்த இடம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புரொடக்‌ஷன் மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இன்று அந்தப் பெண் எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறார்.

மார்க் வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் வராது என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதே கேள்விக்கு நான் கேட்டதிலேயே சிறந்த பதிலைச் சொன்னவர் 9.1 வாங்கியவர். அவர் மைக்ரோமீட்டர் கேட்டதோடு, "பீஸ் மெஷினிலிருந்து இப்பத்தான் வந்ததா சார், சூடா இருக்கா?" என்றும் கேட்டார். 25 மில்லிமீட்டர் எஃகு, இருபது டிகிரி கூடச் சூடாக இருந்தால் கிட்டத்தட்ட 6 மைக்ரான் விரியும். 21-ல் 6 என்பது சின்ன விஷயமில்லை. இருவரையும் விசாரித்தபோது ஒரே காரணம்தான் வந்தது. அந்தப் பெண் பள்ளிப்பாளையத்தில் தறி உதிரிபாகம் செய்யும் ஒரு லேத் பட்டறையில் ஒரு விடுமுறை முழுக்க நின்றிருந்தார். இவர் கல்லூரியில் பந்தயக் கார் செய்யும் குழுவில் இரண்டு வருடம் பேரிங் பொருத்தி, பொருந்தாமல், திரும்பச் செய்திருந்தார். ஒருவர் மார்க் குறைவு, ஒருவர் அதிகம். இருவருக்கும் கையில் ஒரு பொருள் தோற்றுப்போன அனுபவம் இருந்தது.

அதனால்தான் இன்டர்வியூவில் நாங்கள் அதிக நேரம் செலவழிப்பது ப்ராஜெக்ட்டில். நாலு வருடத்தில் உங்கள் விருப்பப்படி, உங்கள் கையால் செய்ய இடம் தந்த ஒரே பேப்பர் அதுதான். மற்றதெல்லாம் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள். ப்ராஜெக்ட் மட்டும்தான் உங்களுடையது. அதைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால், நாங்கள் தேடி வந்த பொருளையே நீங்கள் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று ஆகிறது.

வாங்கிய ப்ராஜெக்ட்டைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு கேள்வி போதும். தலைப்பு எப்போதும் பெரிதாக இருக்கும்: ஐஓடி இருக்கும், சோலார் இருக்கும், இப்போதெல்லாம் ஏஐ கட்டாயம் இருக்கும். "இதுல எது சரியா வரல?" என்று கேட்போம். செய்தவருக்கு இது சந்தோஷமான கேள்வி. மோட்டார் டார்க் பத்தவில்லை, வெல்டிங் கோணிக்கொண்டது, சென்சார் வெயிலில் தப்பாகக் காட்டியது என்று கொட்டித் தீர்ப்பார். நிறுத்தத்தான் பாடுபட வேண்டும். வாங்கியவர், "எல்லாமே நல்லா வந்துச்சு சார்" என்பார். அடுத்து, "இந்த பார்ட் எங்க வாங்கினீங்க, என்ன விலை?" என்போம். அதற்கு மேல் கேட்க எங்களுக்கே மனசு வராது. ஒருமுறை ஒரே வாரத்தில் மூன்று வெவ்வேறு கல்லூரியிலிருந்து வந்த மூன்று பேர் ஒரே ப்ராஜெக்ட்டைச் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் படங்கள்கூட ஒன்றுதான். அந்தப் பிள்ளைகள் மூவரும் கெட்டிக்காரர்களாகவே இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லாமல் போய்விட்டது என்பதுதான் என் வருத்தம். கல்லூரியில் ப்ராஜெக்ட்டைக் கவனிக்கும் கைடுக்கும் அது வாங்கியது என்று தெரிந்திருக்கும். ஒரு பேராசிரியர் தலையில் பத்துப் பன்னிரண்டு பேட்ச் ஏற்றிவைத்தால் அவரும் கண்ணை மூடிக்கொள்கிறார். பிள்ளைகளின் நாலு வருடத்திலேயே அதிக மதிப்புள்ள ஐந்து மாதம் இப்படி வீணாகிறது என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: வாங்காதீர்கள். என்ன செய்யலாம் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் இன்னொரு விஷயம். உங்களைப் போன்றவர்கள் இங்கிலீஷ் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறீர்கள், தப்பான இடத்தில் பயப்படுகிறீர்கள்.

எங்கள் ஷாப் ஃப்ளோரில் முழுக்கத் தமிழ்தான், கொஞ்சம் இந்தி. சரளமாக இங்கிலீஷ் பேசுவதற்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. ஐடியில் இருந்தபோதும், உச்சரிப்பைவிட, சொல்ல வந்ததை வரிசையாகச் சொல்கிறாரா என்றுதான் பார்த்தோம். ஆனால் எழுத வேண்டும். எங்கள் இன்டர்வியூவில் பதினைந்து நிமிடம் கொடுத்து ஒரு மெயில் எழுதச் சொல்வோம்: வெளிநாட்டுக் கஸ்டமருக்கு சரக்கு நாலு நாள் தள்ளிப்போகிறது, அதைத் தெரிவிக்க வேண்டும். பலர் ஒரு பக்கம் நிறைய மன்னிப்பு கேட்டிருப்பார்கள். எந்தச் சரக்கு, எத்தனை பீஸ், எந்தத் தேதியில் வரும் என்பது மட்டும் இருக்காது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் நாலே வரி எழுதினான். இந்த ஆர்டரில் 400 இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்), 250 இன்று அனுப்புகிறோம், மீதி வெள்ளிக்கிழமை, காரணம் காஸ்டிங்கில் பின் ஹோல், அதாவது வார்ப்பில் ஊசித் துளை. இலக்கணத்தில் இரண்டு தப்பு இருந்தது. அது அப்படியே அனுப்பக்கூடிய மெயில். டிகிரி கற்றுக்கொடுக்க வேண்டியதில் இதுவும் ஒன்று, நம் கல்லூரிகளில் யாரும் கற்றுக்கொடுக்காதது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நீங்களே எழுதினால் பாதி வந்துவிடும்.

சர்டிஃபிகேட் கோர்ஸ் பற்றி இரண்டு வரி போதும். ரெஸ்யூமில் பன்னிரண்டு கோர்ஸ் பெயர் இருந்தால் நாங்கள் ஒன்றைத் தொட்டுக் கேட்போம். அதை எங்கே பயன்படுத்தினீர்கள் என்று சொல்ல முடிந்தால் அதற்கு மதிப்பு. சாலிட்வொர்க்ஸ் கற்றுக்கொண்டு உங்கள் ப்ராஜெக்ட்டின் பாகங்களை அதில் வரைந்திருந்தால், அந்த ஒரு சர்டிஃபிகேட் மற்ற பதினொன்றைவிடக் கனம்.

அரசு வேலை, பொதுத்துறை என்று யோசித்தால் கணக்கு வேறு. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2-ல் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் தேர்வு எழுதலாம். அதன் பிறகு டிகிரியில் என்ன மார்க் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. முழுக்கத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010-ல் வந்த சட்டப்படி 20 சதவீதம் முன்னுரிமை உண்டு. அதே வருடம்தான் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. பல பொதுத்துறை நிறுவனங்கள், நாடு முழுக்க ஒரே மாதிரி நடக்கும் கேட் தேர்வின் மார்க்கை வைத்து எடுக்கின்றன. அந்த மார்க் மூன்று வருடம் செல்லும், எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் கேட் கேட்தான். பெயரில்லாத கல்லூரியிலிருந்து வருகிறவருக்கு இதைவிட நேரான வழி இல்லை. வெளிநாட்டில் பதிவுபெற்ற பொறியாளராகும் எண்ணம் இருந்தால் மட்டும் உங்கள் படிப்புக்கு, தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியமான என்பிஏ-வின் அங்கீகாரம் இருக்கிறதா, எந்த வகை என்று கல்லூரியில் கேட்டுவையுங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-ல் முழு உறுப்பினரானது. அதன் பலன் என்பிஏ-வின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான். உங்களுக்கு இப்போது அவசரமில்லை.

உங்களுக்கு அவசரம் அடுத்த பத்து மாதம்.

கேள்வியில் நீங்கள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிதான் எனக்குக் கண்ணில் பட்டது: அப்பா மோட்டார் காயில் கட்டுகிறார். அதை ஏதோ குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தம்பி, கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற எந்தக் கம்பெனியும் உங்கள் அப்பாவின் கடையில் கிடைக்கும் தகவலுக்குக் காசு கொடுக்கும். ஒரு பம்ப் வாரண்டி முடிகிற வரைக்கும்தான் கம்பெனிக்குத் திரும்பி வரும். அதற்குப் பிறகு எங்கே போகிறது, எதனால் சாகிறது என்பது அப்பா மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும்.

அவரைக் கேட்டுப் பாருங்கள். எரிந்த மோட்டாரைத் திறந்ததும் ஒரு பார்வையில் சொல்வார். ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் மூன்று ஃபேஸ் காயிலில் இரண்டு கருகி, ஒன்று மட்டும் புதிது போல இருந்தால் லைனில் ஒரு ஃபேஸ் போய்விட்டது, மோட்டார் மீதி இரண்டில் ஓடிச் செத்திருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் வோல்டேஜ் குறைவு அல்லது ஓவர்லோடு. காயில் நன்றாக இருந்து, ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ரோட்டார் ஸ்டேட்டரில் உரசியிருந்தால் போரில் மணல். தண்ணீர் வற்றி வெறுமனே ஓடியிருந்தால் அதற்கு வேறு அடையாளம். இதை அவர் முப்பது வருடத்தில் கற்றிருப்பார். எழுதி வைத்திருக்க மாட்டார். எழுதுவது உங்கள் வேலை.

ஆறு மாதம், கடைக்கு வரும் ஒவ்வொரு நீர்மூழ்கி மோட்டாருக்கும் ஒரு வரி. எத்தனை ஹெச்பி, போர் எத்தனை அடி, எந்த ஊர், முன்பு எப்போது காயில் கட்டியது, எந்த ஃபேஸ் கருகியது, பம்ப் பக்கம் இம்பெல்லர் எப்படி இருக்கிறது. நீங்கள் மெக்கானிக்கல் என்பதால் புஷ்ஷின் உள்விட்டத்தையும் ஷாஃப்ட் ஸ்லீவையும் அளந்துவிடுங்கள். கல்லூரி லேபில் போர் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் இருக்கும், கேட்டால் தருவார்கள். அறுபது, எழுபது மோட்டார் சேர்ந்தால் எந்தக் காரணத்தால் எத்தனை செத்தது என்று ஒரு படம் கிடைக்கும். மணலால் சாவது அதிகம் என்று வந்தால் வேறு பொருளில் புஷ் செய்து இரண்டு மோட்டாரில் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஃபேஸ் போவதுதான் அதிகம் என்றால், விவசாயிகள் ஸ்டார்ட்டரில் இருக்கும் பாதுகாப்பை ஏன் கழற்றிவிடுகிறார்கள் என்று போய்க் கேட்டு எழுதலாம். தலைப்பு பெரிதாக வேண்டாம். "ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் நீர்மூழ்கி மோட்டார்கள் பழுதாகும் காரணங்கள்" போதும்.

உங்கள் கைடு, "இதுல டிசைன் எங்கப்பா இருக்கு?" என்று ப்ராஜெக்ட்டின் முதல் பரிசீலனையான ஜீரோத் ரிவ்யூவில் கேட்பார். நியாயமான கேள்விதான். புஷ் மாற்றத்தை அதற்குப் பதிலாக வையுங்கள்: கிளியரன்ஸ் கணக்கு, டிராயிங், பொருள் தேர்வு. முதல் முப்பது மோட்டாரின் கணக்கைக் கையில் கொண்டுபோனால் அவர் மறுக்க மாட்டார். நண்பர்கள் மூவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பக்கத்து ஊர் காயில் கடை, ஒருவர் பம்ப் டீலர் என்று பிரித்துக்கொண்டால் எண்ணிக்கையும் கூடும்.

இன்டர்வியூவில் இதைச் சொல்லும்போது, "எங்க அப்பா கடையில்" என்றே தொடங்குங்கள். மறைக்காதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எங்கள் பேனலில் இருக்கிற நாலு பேரும் முன்னால் சாய்ந்து உட்காருவோம்.

கேம்பஸில் வேலை அமையாமல் போனாலும் ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் நேட்ஸ் என்ற பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிகள் ஒரு வருடம் தொழிற்சாலையில் அப்ரன்டிஸாக இருக்கலாம். தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில். 2019 விதிகளில் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள், அதில் பாதி அரசின் பங்கு. பணம் குறைவுதான். ஆனால் எங்கள் இடத்தில் நிரந்தரமானவர்களில் பலர் அப்படி உள்ளே வந்தவர்கள். ஒரு வருடம் கண்ணெதிரே வேலை செய்தவரை எடுக்க, மார்க் ஷீட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

இந்த வாரம் கடையில் அடுத்த மோட்டாரைப் பிரிக்கும்போது ஒரு நீள நோட்டோடு அப்பா பக்கத்தில் உட்காருங்கள். முதல் வரியில் தேதி, ஹெச்பி, ஊர், போர் எத்தனை அடி. கருகிய காயிலை வெட்டி எடுக்கும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு எந்த ஃபேஸ் கருகியது என்று யாராலும் சொல்ல முடியாது.